வயசானா அப்படித்தானா?

பாட்டிக்குக் கண் மங்கினால் "வயசானா அப்படித்தான்" என்கிறார்கள். தாத்தாவுக்குக் காது கேட்காவிட்டாலும் அதே பதில். இருபதில் வந்தால் ஊனம், எழுபதில் வந்தால் இயற்கையாம்!

கண்புரை விதியல்ல, சின்ன அறுவை சிகிச்சையில் தீர்கிற விஷயம். 1976இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர் ஊராக முகாம் போட்டு இதைக் காட்டிவிட்டது. முகாம் வராத கிராமத்தில்? ஆஸ்பத்திரி தூரம், கூட்டிப்போக ஆளில்லை. நகரத்தில் ஆஸ்பத்திரி பக்கம்தான்... ஆனால் மாடிப்படி இறங்க முடியவில்லை, பஸ் படி ஏற முடியவில்லை. அங்கே திண்ணை, இங்கே ஃபிளாட். முடங்குவது ஒன்றுதான்.

அரசின் கணக்கு இன்னும் வேடிக்கை. மத்திய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் மட்டும் போதாது, 80 சதவீத ஊனமும் வேண்டும். 2012இல் அதற்கு மத்திய அரசு தந்தது மாதம் 300 ரூபாய். 2024இலும் அதே 300! பயனாளிக்கு 80 வயதானதும் முதியோர் ஓய்வூதியத்துக்கு மாற்றிவிடுவார்கள். ஆக, ஃபைலில் ஊனம் காணாமல் போய்விடும். கால் மட்டும் நடக்காது.

வயசு காரணமல்ல, சாக்கு. உங்கள் வீட்டுப் பாட்டியைக் கடைசியாகக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனது எப்போது? யோசித்துப் பாருங்கள்.