போள்களைப் பார்த்தோமா?

ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? சபர்மதி ஆசிரமம், சிதி சையத் பள்ளிவாசலின் கல் சாளரம், மாணிக் சௌக்கில் இரவுச் சிற்றுண்டி. அத்துடன் அகமதாபாத் முடிந்தது! மணிநகரில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன்.

சென்ற மார்கழியில்தான், மாநகராட்சி 1997-இல் தொடங்கிய காலை நடைப்பயணத்தில் சேர்ந்து, காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலிலிருந்து ஜும்மா மசூதி வரை நடந்தேன். 'போள்' எனப்படும் குடியிருப்புச் சந்துகள் வழியே பாதை செல்கிறது. எதிரே மாடு வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும். வீட்டு வாசலில் 'ஓட்லோ', நம் திண்ணையேதான். உள்ளே முற்றம். அதன் அடியில் 'டாங்கா' என்னும் தொட்டி. கூரையில் விழும் மழைநீர் குழாய் வழியே அதில் இறங்கும்; கோடையிலும் குளிர்ந்திருக்கும். மழைநீர் சேமிக்க நம் தமிழகத்தில் 2003-இல் சட்டம் போட வேண்டியிருந்தது. இங்கே பாட்டன் காலத்திலேயே வீட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

2001 நிலநடுக்கத்தில் புதிய அடுக்குமாடிகள் பல சரிந்ததை நாம் மறக்க முடியுமா? மரச்சட்டமும் செங்கல்லுமான இந்தப் பழைய வீடுகள் பெரும்பாலும் நின்றன. 2017-இல் யுனெஸ்கோ இப்பழைய நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பெருமைதான். ஆனால் ஒரே சந்தில் நான்கு வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஒன்றில், செதுக்கு வேலைப்பாடுள்ள தாங்குகட்டைகளைப் பெயர்த்த குழிகள். பழம்பொருள் வியாபாரி வாங்கிப் போனாராம்.

குறை சொல்ல எனக்கு வாயில்லை. தேவகோட்டைப் பக்கத்து எங்கள் பூர்வீக வீட்டின் தேக்குத் தூண்களை விற்றபோது, பங்காளிகளோடு நானும்தான் கையெழுத்துப் போட்டேன். என் பங்குப் பணம் இங்கே ஃபிளாட்டில் மார்பிள் தரையாகக் கிடக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன். முகப்புக்கு வண்ணம் பூசிப் பலகை மாட்டினால் போதாது. மனிதர் வெளியேறுவது வசதிக் குறைவால். நல்ல கழிவறை, ஸ்கூட்டர் நிறுத்த இடம், மரவேலை தெரிந்த தச்சருக்குக் கூலி: அரசுப் பணம் முதலில் இவற்றுக்குப் போகட்டும். குடியிருப்பவர் இருந்தால்தான் டாங்காவைக் கழுவ ஆள் இருக்கும்.

சங்கச் செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்றுலாவுக்குப் பேருந்து பேச வேண்டாம். குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு காலை போதும். குழந்தைகளும் வரட்டும். வழியில் சமணக் கோயில்கள் உண்டு, எளிதில் கழற்றும் செருப்பாகப் போட்டு வாருங்கள். குஜராத்திக் கவிஞர் தல்பத்ராம் அங்கே திண்ணையில் சிலையாக அமர்ந்திருக்கிறார். கால் வலித்தால் அவர் பக்கத்தில் உட்காரலாம்.