மார்க் போடாத கணக்கு டீச்சர்

கடல் கடந்து வந்து எத்தனை வருஷம் ஆனாலும், பிள்ளைகளிடம் நாம கேட்கிற கேள்வி மட்டும் மாறவில்லை: "கணக்குல எவ்வளவு மார்க்?"

டொராண்டோ பக்கத்தில் 6-ம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் இந்த வருஷம் அதற்குப் பதில் இல்லை. அவளுடைய கணக்கு டீச்சர் சின்னப் பரீட்சைகளுக்கு மார்க் போடுவதில்லை. எது புரிந்திருக்கிறது, எது புரியவில்லை என்று எழுதித் தருகிறார். பிள்ளையைக் கூப்பிட்டு, போட்ட கணக்கை விளக்கச் சொல்கிறார். தவறியதைப் படித்துவிட்டு வந்தால் மறுபடியும் எழுதலாம். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே புலம்பல்: "இதெல்லாம் ஒரு பரீட்சையா?"

பரீட்சைதான். இது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்ததும் இல்லை. ஒன்டாரியோ மாகாணத்தின் 2010 மதிப்பீட்டுக் கொள்கையே, எழுதிய தாளோடு ஆசிரியர் கவனித்ததையும் மாணவரோடு பேசியதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

ஒரு உதாரணம். முக்காலை அரையால் வகுக்கணும். தலைகீழாக்கிப் பெருக்கினால் ஒன்றரை வந்துவிடும், முழு மார்க். "எது ஒன்றரை?" என்று கேட்டால் பல பிள்ளைகள் முழிப்பார்கள். முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் பாத்திரத்தில் ஊற்றினால் ஒன்றரைப் பாத்திரம் வரும் என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, அவசரத்தில் தப்பாகப் பெருக்கி மார்க்கை இழந்திருக்கும். இதில் யாருக்குக் கணக்கு தெரியும்? தாளை மட்டும் பார்த்தால் தெரியாது.

நம்மில் பலர் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறோம். டெஸ்டிங்கில் பிழை வந்தால் சரிசெய்து மறுபடி டெஸ்ட் பண்ணுகிறோம். 60 மார்க் போட்டு அப்படியே கஸ்டமருக்கு அனுப்புவதில்லை. பிள்ளைக்கு மட்டும் ஏன் ஒரே வாய்ப்பு?

பெற்றோரின் பயத்திலும் நியாயம் உண்டு. 12-ம் வகுப்பில் பல்கலைக்கழகங்கள் சதவீதத்தைத்தான் பார்க்கும். நேரம் வைத்து எழுதும் பழக்கமும் வேண்டும். அதை மேல் வகுப்புகளில் படிப்படியாகக் கொண்டுவரலாம். எனக்கு உள்ள கவலை வேறு. போன மாதம் ஊரிலிருந்து வந்த பிள்ளைக்குக் கணக்கு நன்றாக வரும், இங்கிலீஷில் விளக்க வராது. கூச்சப்படும் பிள்ளையும் அப்படித்தான். பேச்சை வைத்து மட்டும் எடைபோட்டால் இவர்கள் அடிபடுவார்கள். படம் போட்டுக் காட்டவும், தமிழ் தெரிந்த வகுப்புத் தோழர் உதவியோடு சொல்லவும் இடம் கொடுக்கும்படி நாம டீச்சரிடம் கேட்க வேண்டும்.

அடுத்த பெற்றோர் சந்திப்பில் "கிளாஸ்ல எத்தனாவது?" என்பதை விட்டுவிட்டு, "எந்த இடத்துல தடுமாறுறா?" என்று கேளுங்கள். வீட்டில் ஒரே ஒரு கணக்கைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். டியூஷனுக்குக் காசு கட்டும் முன்னால், எதற்குக் கட்டுகிறோம் என்றாவது தெரியும்.