‘முதல் பெண்’ சரி... இரண்டாவது பெண் எப்போது வந்தார்?

‘இந்த விருதைப் பெறும் முதல் பெண் விஞ்ஞானி’ என்று ஒரு தலைப்பைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள். கூடவே இன்னொன்றையும் தேடிப் பாருங்கள்: இரண்டாவது பெண் எப்போது வந்தார்?

சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருதையே எடுத்துக்கொள்வோம். இந்திய விஞ்ஞானிகளுக்கு 1958 முதல் தரப்பட்ட முக்கியமான விருது இது. 1961-ல் வேதியியலுக்காக இதை வாங்கினார் அசீமா சட்டர்ஜி. எந்தத் துறையிலும் பட்நாகர் விருது பெற்ற முதல் பெண் அவர்தான். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் மூலிகைகளின் வேதிப்பொருட்களை ஆராய்ந்தவர். வலிப்புக்கும் மலேரியாவுக்கும் மருந்து உருவாக்கியவர். விருது தொடங்கி மூன்றே வருஷத்தில் ஒரு பெண். நல்ல ஆரம்பம்தானே?

வேதியியலில் அடுத்த பெண் சாருசீதா சக்ரவர்த்தி. ஆண்டு 2009. நடுவில் 48 வருஷம்!

கணிதத்தில் முதல் பெண் பரிமளா, 1987-ல் (சென்னை ஸ்டெல்லா மாரிஸில் படித்தவர்). அடுத்து சுஜாதா ராமதுரை, 2004. இயற்பியலில் முதல் பெண்ணுக்கே 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரயாக்ராஜ் ஹரிஷ்-சந்திரா ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிதி சென் தே அவர்.

‘திறமை இருந்தா விருது தானா வரும், இதுல ஆண் என்ன, பெண் என்ன?’ என்று கேட்கலாம். விதிகளைப் பாருங்கள். வயது 45-க்குள் இருக்க வேண்டியிருந்தது. விருதுக்கு முந்தைய ஐந்து வருஷ ஆய்வுதான் முக்கியமாகக் கணக்கில் வந்தது. பிரசவம், குழந்தை வளர்ப்பு என்று ஒரு பெண்ணின் ஆய்வு தடைபட வாய்ப்புள்ள வருஷங்களும் பெரும்பாலும் இந்த வரம்புக்குள்தான் வரும். ஓர் ஆணுக்கு அப்பா ஆனதால் ஆய்வகம் நின்றுபோவது அபூர்வம்.

இதைவிடச் சிக்கலான விஷயம் பரிந்துரை. பழைய முறையில் நாமே விண்ணப்பிக்க முடியாமல் இருந்தது. துணைவேந்தர், இயக்குநர் போன்றவர்கள் பெயரை அனுப்ப வேண்டியிருந்தது. ஏற்கெனவே விருது வாங்கியவர்களும் அனுப்ப முடிந்தது. வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். ஒருவரை நினைவு வைத்துப் பெயர் சொல்ல, அவரோடு பழகிய ஒருவர் அந்த வட்டத்துக்குள் இருக்கணும். முதல் பெண் தனியாக உள்ளே போனதால் மட்டும் அந்த வட்டம் மாறிவிடாது.

பழைய முறையில் கடைசியாக வந்தது 2022-க்கான பட்டியல். 2023 செப்டம்பரில் அறிவித்தார்கள். 12 பேர், ஒரு பெண்கூட இல்லை. அதன்பிறகு இந்த விருது ‘ராஷ்ட்ரிய விக்யான் புரஸ்கார்’ விருதுகளுக்குள் ‘விக்யான் யுவா’ என்ற பிரிவாக மாறியிருக்கிறது. 45 வயது வரம்பு அதிலும் தொடர்கிறது.