கடையை சர்க்கார் எடுத்தால் வாடகைக்காரருக்கு எவ்வளவு? 11 மாத அக்ரிமெண்டில் சிக்கி நிற்குது நஷ்டஈடு!

சென்னை,

மெட்ரோ ரெயில் வருது. ரோடு அகலமாகுது. மேம்பாலம் எழும்புது. ஊருக்கு நல்லதுதான். ஆனால் வழியில் இருக்கும் கடைக்காரர் கதி என்ன?

சென்னை மெட்ரோ ரெயில் 2-வது கட்டத்துக்கு 3 வழித்தடம், மொத்தம் 118.9 கிலோ மீட்டர் என்று திட்டம் போடப்பட்டது. ஸ்டேஷன் வாசல், படிக்கட்டு, லிப்ட்டு எல்லாவற்றுக்கும் ரோட்டோரத்து இடம் வேண்டும். ரோட்டோரத்து இடம் என்றால் கடை. கடை என்றால் பெரும்பாலும் வாடகைக் கடை.

இடத்துக்குச் சொந்தக்காரருக்கு எவ்வளவு என்று சட்டம் கணக்கு சொல்கிறது. வாடகைக்கு இருந்து வியாபாரம் செய்பவருக்கு எவ்வளவு? இங்கேதான் தகராறு. விவரம் வருமாறு:-

11 மாத ரகசியம்

ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே தீரவேண்டும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டம், 107-வது பிரிவு. பதிவு என்றால் செலவு, அலைச்சல். அதனால்தான் ஊர் முழுக்க 11 மாத அக்ரிமெண்டு. 11 மாதம் முடிந்ததும் புது பேப்பர். பல இடங்களில் அந்தப் புது பேப்பர்கூட கிடையாது. வாடகை மட்டும் மாதா மாதம் போய்க்கொண்டிருக்கும்.

எழுத்து எதுவும் இல்லாவிட்டால் அது மாத வாடகை. 15 நாள் நோட்டீசில் முடித்துக்கொள்ளலாம் என்கிறது அதே சட்டத்தின் 106-வது பிரிவு.

"முப்பது வருஷமா இதே இடத்துலதானே இருக்கேன்" என்பார் கடைக்காரர். பேப்பரோ 11 மாதம் என்று சொல்லும். நிஜத்தில் அவர் குத்தகைக்கு ஆயுள் எத்தனை? அந்த ஒரு கேள்வியில்தான் பணம் தொங்குகிறது.

முன்பு 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. வாடகை பாக்கி, சொந்த உபயோகம், இடித்துக் கட்டுவது போன்ற காரணத்தை நிரூபிக்காமல் யாரையும் வெளியேற்ற முடியாது. பேப்பரில் காலம் இல்லாவிட்டாலும் கடைக்காரருக்குப் பிடிமானம் இருந்தது. 2019 பிப்ரவரி 22-ந் தேதி புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. பழைய சட்டம் ரத்து ஆனது. இப்போது எழுத்து வேண்டும், பதிவு வேண்டும். எழுதிய காலம்தான் காலம்.

கணக்கைப் பாருங்கள்

குத்தகைக்கு விலை போடுவது எப்படி? மார்க்கெட் வாடகையில் இருந்து, அவர் கொடுக்கும் வாடகையைக் கழிக்க வேண்டும். மிச்சம்தான் அவருடைய லாபம். அந்த லாபம் இன்னும் எத்தனை காலம் ஓடும் என்று பார்த்துப் பெருக்க வேண்டும்.

ஒரு உதாரணம். ஒரு கடைக்கு மாத வாடகை 8 ஆயிரம் ரூபாய். அதே தெருவில் அதே அளவு கடை இன்று 20 ஆயிரத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 12 ஆயிரம் மிச்சம். வருஷத்துக்கு 1 லட்சத்து 44 ஆயிரம்.

15 நாள் நோட்டீசு வாடகை என்று எடுத்துக்கொண்டால் கிடைப்பது வெறும் 6 ஆயிரம். அக்ரிமெண்டில் 4 மாதம் பாக்கி என்றால் 48 ஆயிரம்.

3 வருஷம் ஓடும் என்று எடுத்துக்கொண்டால்? பின்னால் வரவேண்டிய பணத்தை இன்றே வாங்குவதால் 10 சதவீத வட்டி கழிக்க வேண்டும். அப்படியும் 3 லட்சத்து 58 ஆயிரம் வரும். 10 வருஷம் என்றால் சுமார் 8 லட்சத்து 85 ஆயிரம்.

அதே கடை, அதே கல்லாப்பெட்டி. 6 ஆயிரமா, 9 லட்சத்துக்குப் பக்கமா? காலம் எவ்வளவு என்பதை வைத்து 100 மடங்குக்கு மேல் வித்தியாசம்!

இன்னொரு விஷயம். 20 ஆயிரம் மார்க்கெட் வாடகையை முழுசாகக் கொடுப்பவருக்கு இந்தக் கணக்கில் கிடைப்பது பூஜ்யம். மலிவு வாடகைக்காரருக்குத்தான் குத்தகையில் மதிப்பு. நியாயமாக வாடகை கொடுத்தவர் வேறு தலைப்பில்தான் கேட்க வேண்டும்.

ஒரே பானை, இரண்டு கை

2013-ம் ஆண்டு மத்திய நில ஆர்ஜித சட்டம் 2014 ஜனவரி 1-ந் தேதி அமலுக்கு வந்தது. மார்க்கெட் மதிப்பு, அதற்குச் சமமாக 100 சதவீத ஆறுதல் தொகை, அதற்கு மேல் மார்க்கெட் மதிப்பில் வருஷத்துக்கு 12 சதவீதம் என்று அது கணக்கு போடுகிறது. ஆனால் இடத்துக்குப் போடும் விலை ஒன்றுதான். அதில் வாடகைக்காரருக்கு இத்தனை சதவீதம் என்று சட்டத்தில் எங்கேயும் எழுதவில்லை.

அதாவது குத்தகைக்காக வாடகைக்காரர் வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் சொந்தக்காரர் பங்கில் இருந்து போகிறது. அதுவரை அண்ணன் தம்பியாக இருந்தவர்கள் அன்றைக்கு எதிரியாகி விடுகிறார்கள்.

சொந்தக்காரர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. "இத்தனை வருஷம் அடிமாட்டு வாடகை கொடுத்தாரு. இப்ப என் இடத்துல பங்கு வேற கேக்குறாரா?" என்பது அவர் கேள்வி.

தகராறு முற்றினால் கலெக்டர் பணத்தை யார் கையிலும் கொடுக்க மாட்டார். தீர்ப்பு ஆணையத்தில் கட்டிவிடுவார். வழக்கு முடியும்வரை இருவருக்கும் கைக்கு எட்டாது. இருவரும் ஒப்புக்கொண்டு பங்கைச் சொன்னால் அதையே கலெக்டர் உத்தரவில் எழுதிவிடுவார். பிறகு அவர்கள் இருவருக்குள் அதுவே முடிவு.

குத்தகை தவிர வேறு என்ன?

சட்டத்தின் 28-வது பிரிவில் கடைக்காரருக்கு நேரடியாக உதவும் வரிகள் இருக்கின்றன. தொழில் இடத்தை மாற்ற நேர்ந்தால் அதற்கு ஆகும் நியாயமான செலவைக் கேட்கலாம். வருமானத்துக்கு ஏற்பட்ட பாதிப்பையும் கேட்கலாம்.

நகரத்தில் 3 வருஷமாக அந்த இடத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பமும் "பாதிக்கப்பட்ட குடும்பம்"தான் என்கிறது சட்டம். சொந்தமாக இடம் இருக்க வேண்டியதில்லை. சிறு வியாபாரிக்கு ஒரு தடவை உதவித்தொகை குறைந்தது 25 ஆயிரம் ரூபாய் என்றும் அட்டவணையில் இருக்கிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைக்குக் கொடுத்த அட்வான்சை சர்க்கார் திருப்பித் தராது. அது வாங்கியவர் பொறுப்பு.

அமெரிக்காவில் நடந்த வழக்கு

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்னேக் ஆற்றங்கரையில் ஒரு தானியக் கிடங்கு. ரெயில்வே கம்பெனி நிலத்தில் 1919 முதல் குத்தகைக்கு இருந்தது. 1967-ல் அணைத் திட்டத்துக்காக அரசாங்கம் இடத்தை எடுத்தது. குத்தகையில் பாக்கி ஏழரை வருஷம். "கட்டிடத்துக்கு ஏழரை வருஷ மதிப்புதான் தருவோம்" என்றது அரசாங்கம்.

1973-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. குத்தகை மறுபடி புதுப்பிக்கப்படும் என்று நம்பி, வெளியில் ஒருவர் அந்தக் கட்டிடத்துக்கு என்ன விலை கொடுப்பாரோ அதைப் பார்க்க வேண்டும் என்றது. 9 நீதிபதிகளில் 5 பேர் ஒரு பக்கம், 4 பேர் மறு பக்கம். அவ்வளவு நெருக்கடியான தீர்ப்பு!

அதே கோர்ட்டு 1946-ல் வேறு வழக்கில் கையை விரித்தது. பல வருஷம் இருந்தார்கள் என்பதாலேயே வாடகைக்காரருக்கு உரிமை கூடிவிடாது என்றது. ஆக, சும்மா நெடுநாள் இருந்தவருக்கு அங்கே பலன் இல்லை. சொந்தப் பணத்தில் கட்டியவருக்குப் பலன் கிடைத்தது.

இங்கிலாந்தில் 1973-ம் ஆண்டு சட்டமே, கடைக்காரருக்குக் குத்தகையைப் புதுப்பிக்கக் கேட்கும் உரிமை இருப்பதையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. நம் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. இருந்திருந்தால் பாதி தகராறு குறையும்.

பேப்பரில் உள்ள மாதத்தை மட்டும் எண்ணுவது நிஜத்தை மறைப்பது. முப்பது வருஷ அனுபவத்தை அப்படியே இன்னும் முப்பது வருஷம் என்று நீட்டுவதும் சரி இல்லை. புதுப்பிக்க எவ்வளவு வாய்ப்பு என்று பார்த்து நடுவில் விலை போடுவதுதான் நியாயம். மேலே சொன்ன உதாரணத்தில் 10 வருஷம் ஓட பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால், சுமார் 4 லட்சத்து 42 ஆயிரம்.

கடைக்காரர் செய்ய வேண்டியது

முதலில் நோட்டீசில் எந்தச் சட்டம் என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 1997-ம் ஆண்டு தொழில் நோக்க நில எடுப்புச் சட்டமும், 2001-ம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டமும் தனியாக உண்டு. இவற்றுக்கு மறுபடி உயிர் கொடுத்த 2019-ம் ஆண்டு மாநிலச் சட்டம் செல்லும் என்று 2021 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. சட்டம் மாறினால் கெடுவும் மாறும்.

2013 சட்டம் என்றால், உரிமை கோரும் நோட்டீசு வந்ததும் தன் பாத்தியதை என்ன, எவ்வளவு கேட்கிறார் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். "ஓனர் பாத்துப்பாரு" என்று சும்மா இருந்தால் போச்சு! உத்தரவு போடும்போது ஆஜராகி இருந்தவர், தொகை போதாது என்றால் 6 வாரத்துக்குள் மனு போட வேண்டும்.

பழைய அக்ரிமெண்டு ஒன்றைக்கூடக் கிழிக்கக் கூடாது. வாடகை ரசீது, கரண்டு பில், தொழில் லைசென்சு, வரிக் கணக்கு, ஷட்டரும் பரணும் போட்ட செலவுச் சீட்டு எல்லாம் சாட்சி. முதல் அறிவிப்பு வந்தபிறகு அவசரமாக நீண்ட கால அக்ரிமெண்டு எழுதினால் பலிக்காது. அதற்குச் சட்டமே தடை போட்டிருக்கிறது.

புதிதாக அக்ரிமெண்டு போடுகிறவர்கள் இரண்டு வரி சேர்த்து எழுதிக்கொள்ளலாம். காலம் முடிந்தால் எந்த வாடகைக்குப் புதுப்பிப்பது என்று ஒரு வரி. இடத்தை சர்க்கார் எடுத்தால் நஷ்டஈட்டில் யாருக்கு எவ்வளவு என்று இன்னொரு வரி. முகம் கொடுத்துப் பேசும்போதே எழுதிவிட்டால், பின்னால் கோர்ட்டு படி ஏற வேண்டாம்.