காய்ச்சலுக்கு இன்று எத்தனையாவது நாள்?

குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஊரிலிருந்து போன் வந்தால் நம் ஆட்கள் முதலில் கேட்பது "எவ்வளவு டிகிரி?" என்றுதான். அடுத்தது "எந்த டாக்டர்?" என்பது. "இன்னிக்கு எத்தனாவது நாள்?" என்று கேட்கிறவர்கள் குறைவு. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. காரணம், கவாசாகி நோய். (நான் டாக்டர் இல்லை, கணினியில் குப்பை கொட்டுபவன். கீழே வைத்தியம் எதுவும் சொல்லப் போவதில்லை. டாக்டரிடம் எதைச் சொல்வது, எதைக் கேட்பது என்பது மட்டும்தான்.)

கவாசாகி என்றதும் நம் தலைமுறைக்கு பஜாஜ் பைக்தான் நினைவுக்கு வரும். இது டோமிசாகு கவாசாகி என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவரின் பெயர். 1961 ஜனவரியில் டோக்கியோவில் 4 வயதுப் பையன் ஒருவனிடம் இதை முதலில் பார்த்தார். அதே போல 50 குழந்தைகளைப் பார்த்துக் குறித்துவைத்து 1967இல் கட்டுரை எழுதினார். காரணம் இன்றுவரை தெரியாது. ஜப்பானியக் குழந்தைகளுக்குத்தான் மிக அதிகம், ஆனால் நமக்கு வராது என்பதெல்லாம் இல்லை. சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனை 1990களிலிருந்தே இந்தக் குழந்தைகளைப் பார்த்துவருகிறது.

பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வரும். 5 நாளுக்கு மேல் விடாத காய்ச்சல். கூடவே இரண்டு கண்ணும் சிவக்கும், ஆனால் பூளை தள்ளாது. உதடு சிவந்து வெடிக்கும், நாக்கு ஸ்ட்ராபெரி பழம் மாதிரி ஆகும். உடம்பில் தடிப்பு, கை கால் வீக்கம், கழுத்தில் நெறி கட்டுதல். இவை எல்லாம் ஒரே நாளில் வராது. செவ்வாய்க்கிழமை சிவந்த கண் வெள்ளிக்கிழமை வெளுத்துவிடும். இதுதான் என்று உறுதியாகச் சொல்ல ஒரு ரத்தப் பரிசோதனையும் கிடையாது.

உள்ளே நடப்பது ரத்தக் குழாய்களின் அழற்சி. இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாயின் சுவர் பலவீனமாகி, பழைய சைக்கிள் டியூப் போலப் புடைக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் சுமார் 4 குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி ஆகிறது. காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் இது சுமார் 5 சதவீதமாகக் குறைகிறது. எடையில் கிலோவுக்கு 2 கிராம், 10, 12 மணி நேரம் சொட்டுச் சொட்டாக. விலை அதிகம்தான். ஆனால் காசை விட முக்கியம் அந்த 10 நாள்.

அந்த 10 நாளை நாம் எப்படித் தொலைக்கிறோம் என்று பாருங்கள்.

எங்கள் சித்தூர், திருப்பதிப் பக்கம் காய்ச்சலோடு தடிப்பு வந்தால் தெலுங்கு வீட்டில் "அம்மவாரு", நம் வீட்டில் "அம்மை". வேப்பிலை கட்டி, தாதய்யகுண்ட கங்கம்மாவுக்கு வேண்டிக்கொண்டு காத்திருப்பார்கள். கும்பிடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கும்பிட்ட கையோடு டாக்டரிடமும் போகலாமே?

படித்தவர்கள் வேறு மாதிரி. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கவில்லையா, டாக்டரை மாற்று. புது டாக்டருக்கு அது முதல் நாள். அவர் ஆன்டிபயாடிக்கை மாற்றுவார். தடிப்பைப் பார்த்தால் மருந்து அலர்ஜியோ என்று தோன்றும்.

வெளிநாட்டுக்காரர்களான நாம் இன்னும் ஒரு படி மேல். திருமலையில் மொட்டை போடக் குழந்தையைக் கூட்டிப்போவது 1 வயதில், 3 வயதில். இந்த நோய்க்கும் அதே வயதுதான். காய்ச்சல் வந்தால் தண்ணீர் ஒத்துக்கலை, வெயில், திருஷ்டி என்று ஆளுக்கு ஒன்று. ஆறாம் நாள் விமானம். இறங்கியதும் இங்கே ஒரு புது டாக்டர், மறுபடியும் முதல் நாள்.

எல்லாவற்றையும் விட ஆபத்து, இந்தக் காய்ச்சல் எந்த வைத்தியமும் இல்லாமலே ஒன்றிரண்டு வாரத்தில் தானாக இறங்கிவிடும் என்பது. விரல் நுனியில் தோல் உரியும், குழந்தை விளையாட ஆரம்பித்துவிடும். "சரியாப் போச்சு" என்று விட்டுவிடுவோம். குழாய் புடைப்பது அதற்குப் பிறகும் நடக்கலாம்.

அதனால் செய்ய வேண்டியது சுலபம்:

காய்ச்சல் தொடங்கிய தேதியை எழுதிவையுங்கள். கண், உதடு, தடிப்பு எது மாறினாலும் செல்போனில் படம் எடுங்கள். மறைந்துபோன சிவப்பை டாக்டருக்குக் காட்ட வேறு வழியில்லை. குழந்தை சோர்ந்து கிடந்தால் உடனே ஓடுங்கள், 5 நாள் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். ஐந்தாம் நாளும் விடவில்லை என்றால் "கவாசாகியாக இருக்குமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் காய்ச்சலைத் தவிர வேறு அறிகுறியே தெரியாமலும் இருக்கலாம், கூடுதல் கவனம் தேவை.

எக்கோ எடுக்க வசதியில்லாத ஊர் இல்லை நம்முடையது. சித்தூரிலிருந்து வேலூர் சி.எம்.சி. ஒரு மணி நேரப் பயணம். திருப்பதியில் தேவஸ்தானம் 2021 அக்டோபரில் தொடங்கிய ஸ்ரீ பத்மாவதி குழந்தைகள் இருதய மருத்துவமனை இருக்கிறது.

நோய் உறுதியானால் ஒரு எக்கோ போதாது. 1, 2 வாரத்தில் ஒன்று, 4 முதல் 6 வாரத்தில் இன்னொன்று வேண்டும். லீவு முடிந்து திரும்பிவிட்டால் இங்கே எடுங்கள். இம்யூனோகுளோபுலின் ஏற்றியிருந்தால் எம்.எம்.ஆர்., சின்னம்மைத் தடுப்பூசிகளைப் பொதுவாக 11 மாதம் தள்ளிப்போடுவார்கள். அந்த டிஸ்சார்ஜ் தாள் இல்லாமல் இங்குள்ள டாக்டருக்கு அது எப்படித் தெரியும்? பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கைப்பையில் வையுங்கள்.

பாட்டி தாத்தாவுக்கும் சொல்லிவையுங்கள். அவர்களுக்குக் கவாசாகி என்ற பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. காலண்டரில் முதல் நாள் காய்ச்சலுக்கு ஒரு வட்டம் போடச் சொன்னால் போதும்.