கூரை யாருடையது?

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் செய்திக்காகப் பூனாகலைக்குப் பல தடவை சென்றிருக்கிறேன். ஓய்வு பெற்ற பின்னர், அண்மையில் உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றுக்காகச் சென்றபோது, கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் தோட்டத்து இளைஞர் ஒருவர் என்னை அணுகினார். "ஐயா, எங்க லயத்துக் கூரையில சோலார் போடலாம்னு இருக்கேன். எவ்வளவு முடியும்?" என்று கேட்டார்.

கேள்வி எளிமையானது. விடை அவ்வளவு எளிமையானதன்று.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மின்சார சபையின் கம்பியோடு இணையும் சூரியத் தகடுகளுக்கு, ஒரு கிலோவாட்டுக்கு இரண்டு இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தகடு, மின்னோட்டத்தை மாற்றும் இன்வேர்ட்டர், தாங்குசட்டம், கூலி, புதிய மானி யாவும் இதில் அடங்கும். ஒரு கிலோவாட் ஒரு நாளைக்கு மூன்றரை அலகு தரும் என்று கொண்டால், இரண்டு கிலோவாட் மாதத்துக்கு 210 அலகு தரும். மூடுபனியும் வடகீழ்ப் பருவமழையும் உள்ள பூனாகலையில் இது தாராளமான மதிப்பீடு.

அந்த 210 அலகுக்கு என்ன கிடைக்கும்? 2016 செப்டெம்பரில் அரசாங்கம் கூரைச் சூரியசக்தித் திட்டத்தை ஆரம்பித்தபோது, முதல் ஏழு ஆண்டுகளுக்கு அலகொன்றுக்கு 22 ரூபாயும் அடுத்த பதின்மூன்று ஆண்டுகளுக்கு 15 ரூபாய் 50 சதமும் என்று நிர்ணயித்தது. நெருக்கடி ஆண்டான 2022 இல் புதிய இணைப்புகளுக்கு அது 37 ரூபாயாக உயர்ந்தது. 2024 இல் 27 ஆகக் குறைந்தது. 2025 இன் நடுப்பகுதியில் 5 கிலோவாட்டுக்கு உட்பட்டோருக்கு 20 ரூபாய் 90 சதம் என்றாயிற்று. அந்த விலைக்கு அவ்வளவையும் விற்றாலும் மாதம் நாலாயிரத்து நானூறு ரூபாய்க்குள்தான். நான்கு இலட்சம் திரும்பி வர ஏழரை ஆண்டுகளுக்கு மேலாகும். கடன் வாங்கினால் வட்டி வேறு.

விலை ஏன் இறங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். நண்பகலில் எல்லாக் கூரைகளும் ஒரே நேரத்தில் மின்சாரம் தருகின்றன. நாட்டுக்கு அது அதிகம் தேவைப்படுவதோ இரவு ஏழு மணிக்கு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை வீழ்ந்தபோது, பகல் வேளையில் கூரைத் தகடுகளை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபையே கேட்டுக்கொண்டது. ஆகவே, "போட்டால் பொன் விளையும்" என்று வீடு வீடாக வரும் விற்பனையாளர் சொல்வதை அப்படியே நம்பலாகாது.

இவ்வளவையும் விளக்கிவிட்டு அந்த இளைஞரிடம், "கூரை தாங்குமா தம்பி?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "தாங்குறது இருக்கட்டும் ஐயா. கடிதம் கேட்டுப் போனேன். கூரை உன்னுடையதான்னு கேட்டாங்க" என்றார்.

என் கணக்கு அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தில் அடிபட்டுப் போயிற்று.

கூரைச் சூரியசக்திக்கு விண்ணப்பிப்பவர் தம் பெயரில் மின் இணைப்பு வைத்திருக்க வேண்டும். கூரையின் மீது உரிமையோ உரியவரின் சம்மதமோ வேண்டும். வங்கிக் கடனுக்குப் பிணை வேண்டும். லயக் காம்பிராவில் நான்காம் தலைமுறையாக வாழ்பவரிடம் இவற்றில் எது உண்டு? தோட்டங்கள் எழுபதுகளில் தேசியமயமாயின. 1992 இல் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, ஒழுகும் கூரைக்கு வாளி வைப்பது மட்டும் தொழிலாளியினுடையது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று வெள்ளைக்காரன் காலத்தில் அளந்த காம்பிராவின் மேல், பக்கத்து வீட்டாரோடு பொதுவாகக் கிடக்கும் தகரத்தில், ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் தகடுகளை எங்கே ஏற்றுவது?

ஊவாவுக்குச் சூரியத் தகடு புதிதன்று. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் உலக வங்கியின் உதவியோடு, கம்பி எட்டாத கிராமங்களுக்குச் சிறு தகடுகள் வந்தன. சர்வோதயத்தின் நிதி அமைப்பு கடன் கொடுத்தது. ஊவா மாகாண சபை மானியம் கொடுத்தது. நாலைந்து விளக்கும் ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியும் எரிந்தன. அந்த மாலைகளில் கிராமத்து வீடுகளில் வெள்ளை ஒளி தெரிய, எதிர்ச் சரிவில் சில லயங்களில் குப்பி விளக்கு எரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். பின்னர் பற்றரிகள் செத்தன, கம்பி வந்தது, தகடுகள் மூலையில் கிடந்தன. தகடு இருபது ஆண்டு உழைக்கும், ஈய பற்றரி சில ஆண்டுகளே உழைக்கும் என்பதை முன்கூட்டியே உணர்ந்தவர் குறைவு.

இன்று காட்சி மாறியிருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றின் கூரைகளில் கம்பனிகள் சூரியத் தகடு பதித்துள்ளன. அதை நான் குறை கூறவில்லை, நல்ல முதலீடுதான். ஆனால் அதே வெயில் விழும் லயத்துக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. 2023 பெப்ரவரியில் கட்டணம் உயர்ந்தபோது, முப்பது அலகுக்குள் பாவிக்கும் வீட்டின் நிலையான மாதக் கட்டணம் 120 இலிருந்து 400 ரூபாயாயிற்று. அடி விழுந்தது லயத்துக்கு. மருந்து கிடைத்தது மாடி வீட்டுக்கு.

எனவே அந்த இளைஞருக்கு நான் சொன்னது இதுதான். மாதம் அறுபது அலகுக்குள் பாவிக்கும் குடும்பம் கடன்பட்டுப் பெரிய தகடு போட வேண்டாம். மின்வெட்டுக்கு உதவியாக, லிதியம் பற்றரியோடு சிறு தகடொன்று போதும். விளக்கும் கைப்பேசியும் நடக்கும். இடம் பெயர நேர்ந்தால் கழற்றி எடுத்துச் செல்லலாம். 2023 மார்ச் 19 அன்று பூனாகலை கபரகலையில் மண் சரிந்து லயங்களை மூடியதைக் கண்டவர்களுக்கு இந்தக் கடைசி வாக்கியத்தின் பொருள் விளங்கும்.

அதிகாரத்தில் உள்ளோருக்குச் சொல்ல வேண்டியது வேறு. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு இந்திய உதவி வீடுகளுக்கான உரிமை ஆவணங்கள் கையளிக்கப்பட்டன. அவ்வீடுகளைக் கட்டும்போதே பாதுகாப்பான நிலத்தில், தகடு தாங்கும் கூரையோடு, குடும்பத்தின் பெயரிலேயே மின் இணைப்புக் கொடுத்துக் கட்டுங்கள். இன்னும் லயத்தில் இருப்போருக்காக, தோட்டப் பாடசாலையின் கூரையிலோ பிள்ளை மடுவத்தின் கூரையிலோ பொதுத் தகடு அமைத்து, அதன் வருமானத்தை வீட்டுப் பட்டியல்களில் கழித்துக் கொடுங்கள்.

விசேஷம் முடிந்து விடைபெறும்போது அந்த இளைஞர், "அப்ப ஐயா, முதல்ல சோலார் இல்ல, உறுதிதான் கேக்கணும்" என்றார். நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் எழுதிய நான் அதைவிடச் சுருக்கமாக எழுதியிருக்க முடியாது.