ஐபோன்: திறமான போன்தான், ஆனால் யாருடையது?

ஐபோனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எங்கட ஆக்கள் உடனே இரண்டு கட்சி. ஒரு பக்கம் "போன் எண்டால் அதுதான்", மறுபக்கம் "வெறும் எடுப்பு". இரண்டும் அரைகுறைக் கதை என்கிறோம் நாங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். 2015இல் வந்த ஐபோன் 6எஸ்ஸுக்கு 2021இல் வெளியான ஐஓஎஸ் 15உம் கிடைத்தது. அதே காலத்து அன்ட்ரொயிட் போன்களில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வருடத்தில் கைவிடப்பட்டன. அதனால் பழைய ஐபோனை செக்கன்ட் ஹான்டில் வாங்குகிறவரைப் பார்த்துச் சிரிக்க ஒன்றுமில்லை.

பிரச்சினை எங்கே? காசு கொடுத்து வாங்கிய பிறகும் போன் கொம்பனியின்ர பிடியில்தான். பற்றரி பழசான போன்களின் வேகத்தைக் குறைத்ததை 2017இல் அப்பிளே ஒப்புக்கொண்டது. 2021இல் ஐபோன் 13இன் திரையை வெளிக்கடையில் மாற்றினால், முகம் காட்டித் திறக்கும் வசதி நின்றுபோனது. எதிர்ப்பு வந்த பிறகுதான் கொம்பனி இறங்கிவந்தது. அப்பிள் நேரடியாக நடத்துகிற கடை ஒன்றுகூட இல்லாத எங்கட நாட்டில் இது சின்ன விசயமா? சந்தியில் போன் திருத்துகிற பெடியனை விட்டால் எங்களுக்கு ஆர் இருக்கினம்?

கேட்டால் அசைவார்கள். ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டது. 2023இல் ஐபோன் 15 யூஎஸ்பி சிக்கு மாறியது.

ஆகவே எந்தப் போன் திறம் என்ற சண்டையை விடுவோம். வாங்கின பொருளை எங்கட ஊரிலேயே திருத்துகிற உரிமையைக் கேட்போம்.